ஒண்ணும் செய்ய மாட்டேன்

என் மருமகனிடம் யாராவது "ஒண்ணும் செய்ய மாட்டேன்" என்று சொன்னால் அவன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொள்வான். சொன்னவர் டாக்டராக இருக்க வேண்டியதில்லை. முடி வெட்டுகிறவர், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர், கோயிலில் விபூதி பூச வந்தவர், யார் சொன்னாலும் கை மேலே போய்விடும். ஒரு கையின் மேல் இன்னொன்றை வைத்து விரல் வெளுக்கிறவரை அழுத்திக்கொள்வான்.

அக்காவின் மூத்த பிள்ளை அவன். ஆட்டிசம் உண்டு. பேச்சு குறைவு. வேண்டும், வேண்டாம் இரண்டும் தெளிவாகச் சொல்வான். கேட்ட வாக்கியம் ஏதாவது பிடித்துப்போனால் அதையே நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பான். அக்காவைத் திசையன்விளைப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறோம். மச்சான் முருங்கைக்காய் ஏற்றுகிற லாரியில் லோடுமேன். அக்கா கமிஷன் கடையில் காய் தரம் பிரிக்கிறாள்.

அவனுக்கு முதன்முதலாகப் பல் சொத்தையானபோது அவர்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு டாக்டரிடம்தான் காட்டினார்கள். அவர் பிள்ளையின் கன்னத்தைத் தட்டி, "ஒண்ணும் செய்ய மாட்டேன் ராசா, சும்மா பாக்கத்தான் போறேன்" என்று சொன்னார். சொல்லிக்கொண்டே பெட்ஷீட் எடுத்துவரச் சொன்னார். கையையும் காலையும் சேர்த்துப் பெட்ஷீட்டால் சுற்றினார்கள். கால்மாட்டில் அக்காவை உட்காரவைத்து, முட்டியை அமுக்கிப் பிடிக்கச் சொன்னார்கள். பெற்றவளையே பிடிக்க வைத்தார்கள். பல்லைப் பிடுங்கிவிட்டார்கள்.

அதன்பிறகு அந்த வாய்க்குள் யாரும் போக முடியவில்லை. பிரஷ்ஷைக் கண்டால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். உப்பை விரலில் தொட்டுத் தேய்த்துவிடப் போன அக்காவை ரத்தம் வருமளவு கடித்தான். தேய்க்காத பல் அடுத்தடுத்துச் சொத்தையாகாமல் என்ன செய்யும்? அக்கா ஒருநாளும் அந்த டாக்டரைத் திட்டியதில்லை. "நல்ல மனுசன்லே, சிரிச்ச மொகம்" என்பாள். எனக்கோ பெட்ஷீட்டைவிட அந்தச் சிரித்த முகத்தின் மேல்தான் இன்றுவரை ஆத்திரம்.

நான் பல் டாக்டர் இல்லை. நான் மறந்துவிடாமல் இருக்க நிறையப் பேர் அதை எனக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

சேரன்மகாதேவிப் பக்கம் வயல்வேலை செய்து பிழைக்கிற குடும்பம் எங்களுடையது. அப்பா கைநாட்டு. அக்கா ஐந்தாம் வகுப்போடு நாற்று நடப் போய்விட்டாள். கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவன்தான். வண்ணார்பேட்டையில் ஒரு மாடி அறையில் இருக்கிறது எங்கள் ஆபீஸ். கம்பெனிகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் ஆன்லைன் பாடம் தயாரித்துக் கொடுக்கிறோம். யாருக்கு எதைக் கற்றுக்கொடுக்க வேண்டுமோ அதைச் சின்னச் சின்னப் பாடமாக உடைத்து, எங்கே வீடியோ வர வேண்டும், எங்கே கேள்வி கேட்க வேண்டும் என்று எழுதுவது என் வேலை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்பா கேட்டார்.

"வாத்தியார் வேலையாப்பா?"

"வாத்தியாருக்கு எழுதிக் குடுக்க வேலைப்பா."

"அப்ப வாத்தியாருக்கு ஒண்ணும் தெரியாதோ?" என்றார். அந்தக் கேள்விக்கு அன்று சிரித்தேன்.

எங்கள் முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். ஒருநாள் அவர் என் மேஜைக்கு வந்து, பல் டாக்டர்கள் சேர்ந்து நடத்துகிற ஒரு அமைப்பு புதுப் பாடம் கேட்டிருக்கிறது என்றார். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு எப்படி வைத்தியம் பார்ப்பது என்று பல் டாக்டர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற பாடம்.

"ஏலே, ஒங்க அக்கா பையனுக்கு அதுதான? நீயே எடுத்துச் செய்யி."

அன்று அறைக்குத் திரும்ப மேலப்பாளையம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவன் சந்தோஷத்தில் பாளையங்கோட்டை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். நான் எழுதப்போகிற பாடத்தைப் படித்துவிட்டு ஒரு டாக்டர், ஒரே ஒரு டாக்டர், என் மருமகனின் வாயைத் திறக்கவைத்துவிட மாட்டாரா என்றிருந்தது. அந்தச் சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் எரிச்சலாக வருகிறது.

எழுதுவதற்கு முன்னால் அப்படிப்பட்ட பிள்ளைகளின் அம்மாக்களிடம் பேசினேன். டாக்டர்கள் எழுதிய கட்டுரைகளையும் படித்தேன்தான். ஆனால் வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும், காத்திருக்க வைக்கக் கூடாது, கருவிகளை முன்கூட்டியே காட்ட வேண்டும் என்பதெல்லாம் அதில் ஏற்கெனவே இருந்தது. அம்மாக்கள் பேசியது வேறொன்றைப் பற்றி. காயல்பட்டினத்திலிருந்து ஒரு தாய் போனில் சொன்னார். கணவர் வளைகுடாவில் இருக்கிறார். பிள்ளையை இவர்தான் தனியாகத் தூக்கிக்கொண்டு அலைகிறார்.

"என்ன வேணும்னாலும் செய்யப் போறோம்னு சொல்லச் சொல்லுங்க தம்பி. குத்தப் போறேன்னு சொன்னாலும் அழுதுட்டு நிப்பான். ஒண்ணும் செய்ய மாட்டோம்னு மட்டும் சொல்ல வேணாம். அத அவங்க வாப்பா போன்ல சொன்னாக்கூட போனத் தூக்கி எறியுதான்."

என் மருமகன் ஒருவன்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பேசப் பேச, பல தாய்மார் சொன்னது இதேதான். சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக்கொள்கிற பிள்ளைகள் இவர்கள். ஒன்றும் செய்ய மாட்டேன் என்று சொல்லிவிட்டு ஊசி குத்தினால், இந்தச் சொல் வந்தால் ஊசி வரும் என்று படித்துக்கொள்கிறார்கள். நாம் தைரியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு சைரன் ஊதுகிறோம்.

ஆகவே முதல் பாடத்தை அதில்தான் தொடங்கினேன். செய்யப் போவதைச் சொல்லுங்கள். சொன்னதை மட்டும் செய்யுங்கள். செய்ததும் நிறுத்துங்கள். "ஒன்றும் செய்ய மாட்டேன்" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். அதைப் படித்துவிட்டு, அந்த அமைப்பில் எங்கள் பாடத்துக்குப் பொறுப்பாக இருந்த மூத்த டாக்டர், நாங்கள் பெரிய டாக்டர் என்று சொல்வோம், போன் போட்டுப் பாராட்டினார். "இதத்தான்ப்பா நான் இத்தனை வருஷமா சொல்லிக்கிட்டிருக்கேன்" என்றார்.

வீடியோவை அவருடைய பாளையங்கோட்டை கிளினிக்கிலேயே எடுத்தோம். டாக்டராக அவரே நடித்தார். குழந்தையாக நடிக்க அவர் சொந்தக்காரர் வீட்டுப் பாப்பா வந்திருந்தாள். இரட்டைச் சடை, உதட்டில் சாயம். கேமராவைப் பார்த்துக் கன்னத்தில் குழிவிழச் சிரித்தாள். அவளுக்கு ஆட்டிசமும் இல்லை, பல்லில் சொத்தையும் இல்லை.

"சார், இந்தப் பாடத்துக்கு ஆட்டிசம் உள்ள ஒரு பிள்ளை..." என்று இழுத்தேன்.

"அந்த மாதிரிக் குழந்தைய வச்சு எப்படிப்பா ஷூட் பண்ண முடியும்? உக்காரவே மாட்டாங்க."

"அப்ப வைத்தியம் மட்டும் எப்படி சார் பண்ணுவாங்க?"

அவருக்கு அது கேட்கவில்லை, அல்லது கேட்டும் கேட்காத மாதிரி நாற்காலியைத் துடைக்கச் சொன்னார். அண்ணாச்சி பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

படப்பிடிப்பு தொடங்கியது. பாப்பா ஏறி உட்கார்ந்தாள். பெரிய டாக்டர் குனிந்து, அவள் கன்னத்தைத் தொட்டு, அந்த இனிப்பான குரலில் சொன்னார்: "வாங்க தங்கம். அங்கிள் ஒண்ணும் செய்ய மாட்டேன், என்ன? சும்மா பாத்துட்டு விட்டுருவேன்."

அதற்கப்புறம் நான் எழுதிக்கொடுத்ததை வரி பிசகாமல் சொன்னார். இது கண்ணாடி, குளிராக இருக்கும், பல்லில் வைக்கப் போகிறேன், வைத்துவிட்டேன், எடுத்துவிட்டேன். அழகாகச் செய்தார். முடிந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள்.

நான் தட்டவில்லை. "சார், இன்னொரு தடவை எடுத்துக்குவோம். முதல் வரியில ஒண்ணும் செய்ய மாட்டேன்னு சொல்லிட்டீங்க."

"நானா? நான் எங்க சொன்னேன்?"

உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை. கேமராவில் போட்டுக் காட்டினோம். பார்த்துவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அது தானா வாய்ல வருதுப்பா. எத்தனை வருஷப் பழக்கம்!"

"அதத்தான சார் சொல்லக் கூடாதுன்னு பாடமே எடுக்கோம்?"

"பாப்பா பயந்தாளா? சிரிச்சிக்கிட்டுத்தான இருக்கா?"

"பாப்பாவுக்கு ஆட்டிசம் இல்லையே சார்."

அறையில் இருந்த எல்லோரும் சட்டென்று ஏதோ வேலையாகிவிட்டார்கள். பெரிய டாக்டர் கையுறையைக் கழற்றித் தொட்டியில் போட்டார்.

"தம்பி நீங்க பி.டி.எஸ்.ஸா?"

"இல்ல சார்."

"அப்பா என்ன செய்றாரு?"

"வயல் வேலை சார்."

"ம்" என்றார். அந்த ஒரு 'ம்'மில் அவர் என்னைத் திட்டவில்லை, கேலி செய்யவில்லை. எனக்கான இடத்தைக் காட்டினார். இன்னொரு தடவை எடுக்க நேரமில்லை, நோயாளிகள் வந்துவிட்டார்கள் என்று போய்விட்டார். அப்பாவின் வயல் வேலைக்கும் அவர் வாயில் வந்த பொய்க்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அன்றிலிருந்து தினமும் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

திரும்பி வரும்போது வண்டியில் அண்ணாச்சி சொன்னார். "ஏலே, எவ்வளவு பெரிய ஆளு அவரு. நீ அவரு வாயிலயே கைய வைக்கியே."

"அவரு ஊரு பூரா வாயில கைய வைக்காரு. நான் ஒரு தடவ வச்சா என்ன அண்ணாச்சி?"

சிரித்துவிட்டார். பிறகு, "எடிட்ல வெட்டிப்போடுவோம்லே, பைய இரி" என்றார்.

வெட்ட முடியவில்லை. அந்த வரியைச் சொல்லும்போதுதான் அவர் குனிகிறார். வெட்டினால் நின்றுகொண்டிருந்தவர் திடீரென்று பாப்பாவின் மூக்கருகே வந்து நிற்கிறார், பேய்ப் படம் மாதிரி. பெரிய டாக்டரும், "சின்ன விஷயம், விடுங்க" என்று தகவல் அனுப்பிவிட்டார். இதற்கிடையில் எங்கள் எடிட்டர் பையன் இன்னொரு காரியம் செய்து வைத்திருந்தான். எச்சில் உறிஞ்சுகிற குழாயின் இரைச்சலைச் சுத்தமாக எடுத்துவிட்டுப் பின்னணியில் புல்லாங்குழல் போட்டிருந்தான். "இரைச்சலா இருந்துச்சுண்ணே, கிளீன் பண்ணிட்டேன்" என்றான் பெருமையாக. அந்த இரைச்சலுக்குத்தான் பிள்ளைகள் காதைப் பொத்துகிறார்கள், அதைக் கேட்கவைக்கத்தான் அந்தக் காட்சியே. சண்டை போட்டு இரைச்சலைத் திரும்ப வாங்கினேன். குழாயோடு சண்டை போடுவதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. பெரிய டாக்டரின் வரி அப்படியே போனது.

பாடம் வெளிவந்தது. குத்துவிளக்கு ஏற்றினார்கள், பொன்னாடை போட்டார்கள். பாடத்தை முடித்தால் டாக்டர்களுக்குத் தொடர்கல்விப் புள்ளி உண்டு, சான்றிதழும் உண்டு. அவர்கள் போனில் 'அடுத்து', 'அடுத்து' என்று அழுத்திக்கொண்டே போவதை எங்கள் கம்ப்யூட்டரில் பார்க்க முடிந்தது. நன்றாக இருக்கிறது, மிகவும் பயனுள்ளது என்று எழுதினார்கள். பாதிப்பேர் வீடியோவைக் கடைசிவரை பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் மட்டும் என்ன?

அப்போதுதான் அக்காவிடமிருந்து போன்.

"ஏலே, இவனுக்குக் கன்னம் வீங்கிட்டு. கடவாய்ப் பல்லு. எந்நேரமும் கன்னத்தக் கொண்டு சுவத்துல இடிக்கான். சோறு இறங்கல, ஒறக்கமும் இல்ல."

"அந்த டாக்டர்ட்ட மட்டும் போவாத."

"பெறகு எங்க போவ? மதுரைக்குக் கொண்டுபோயி மயக்க மருந்து குடுத்து எடுக்கணும்ங்காங்க. ஒங்க மச்சானுக்கு லீவு கிடையாது. நீ என்னமோ பல் டாக்டருக்கே பாடம் எடுக்கேன்னு பீத்திக்கிட்டிருந்தியே, அதுல படிச்ச ஒரு டாக்டர்கூடவா நமக்கு இல்ல?"

சுருக்கென்றது. டவுணில் யாராவது பாடத்தை உண்மையாகவே படித்திருக்கிறார்களா என்று பார்த்தேன். ரதவீதியை ஒட்டிய ஒரு சந்தில் கிளினிக் வைத்திருக்கிற ஒரு பெண் டாக்டர், எதையும் தாண்டாமல், எல்லா வீடியோவையும் முழுதாகப் பார்த்து, எல்லாக் கேள்விக்கும் சரியான பதில் சொல்லியிருந்தார். குழந்தையிடம் எதைச் சொல்லக் கூடாது என்று நான் கேட்டிருந்த கேள்விக்கும் சரியான பதில்தான். போன் செய்தேன். பையனுக்கு என்ன பிடிக்கும், எது பிடிக்காது, எந்தச் சத்தம் ஆகாது என்றெல்லாம் கேட்டார். மத்தியானம் ஆளில்லாத நேரமாக வரச் சொன்னார். போனை வைத்துவிட்டு, நம் பாடம் வேலை செய்கிறது என்று எழுந்து நின்றே விட்டேன்.

அக்கா மருமகனைப் பஸ்ஸில் கூட்டிவந்தாள். வழியெல்லாம் ஜன்னல் கம்பியில் கன்னத்தை இடித்திருக்கிறான். கண்டக்டர், "பையனுக்குக் கோட்டி பிடிச்சிருக்காக்கா?" என்று கேட்டிருக்கிறார். "ஆமாய்யா, நீ டிக்கெட்டக் கிழி" என்றிருக்கிறாள்.

கிளினிக்குக்குள் போனதும் சுற்றிலும் பார்த்தேன். டிவியை அணைத்திருந்தார்கள். முன்னறை விளக்கில் பாதி எரியவில்லை. டாக்டரம்மா மாஸ்க் போடாமல் முகத்தைக் காட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். எழுதியது எழுதியபடி இருந்தது. நாற்காலியை ஏற்றி இறக்குகிற பொத்தானை மருமகனிடமே கொடுத்தார். ஏற்றினான், இறக்கினான். ஏற்றினான், இறக்கினான். பிறகு தானே ஏறி உட்கார்ந்தான். யாரும் தூக்கவில்லை, யாரும் பிடிக்கவில்லை. அக்கா சேலை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுகையை அடக்கினாள்.

டாக்டரம்மாவுக்கும் அவ்வளவு சந்தோஷம். குனிந்து அவன் தலையைத் தடவினார்.

"சமத்துப் பிள்ளை! ஒண்ணும் செய்ய மாட்டேன் கண்ணா, என்ன? சும்மா பாத்துட்டு விட்டுருவேன்."

அதே வரி. அதே இழுப்பு. பாளையங்கோட்டையில் கேமரா முன்னால் கேட்ட அதே "என்ன?". சொல்லும்போதே அவருடைய இன்னொரு கை தாழப் போய், நர்ஸ் நீட்டிய ஊசியை அவன் கண்ணில் படாமல் வாங்கியது.

மருமகனின் இரண்டு கையும் வாய்க்குப் போய்விட்டன.

"கைய எடு ராஜா, ஆண்ட்டி ஒண்ணும் செய்ய மாட்டேன்லா? கைய எடு."

அவன் உடம்பெல்லாம் விறைத்து, கால் நாற்காலியை உதைக்கத் தொடங்கியது. கைக்குள்ளிருந்து ஓலம் வந்தது. நர்ஸ் கால்மாட்டுக்குப் போய் முட்டியைப் பிடித்தார். யாரும் சொல்லவில்லை, தானாகவே போனார். என் அக்காவும் எழுந்துவிட்டாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அவன் கையைப் பிடிக்கப் போனாள். இது இப்படித்தான் முடியும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"கைய எடுங்க" என்றேன். என் குரல் சந்து வரை கேட்டிருக்கும். "எல்லாரும் கைய எடுங்க."

டாக்டரம்மா திரும்பினார். "சார், சீழ் கட்டியிருக்கு. ஒரு நிமிஷ வேலை."

"ஒண்ணும் செய்ய மாட்டேன்னு சொன்னீங்களா இல்லையா?"

"அது சும்மா, பிள்ளைக்குத் தைரியத்துக்கு..."

"அவன்ட்ட சொன்னீங்களா இல்லையா மேடம்? அப்ப ஒண்ணும் செய்யாதீங்க."

"என்ன சார் பேசுறீங்க? பரிட்சையில அந்தக் கேள்விக்கு நான் சரியாத்தான் போட்டேன். ஆனா உங்க வீடியோலயே சார் அப்படித்தான ஆரம்பிக்கிறாங்க? நான் அதப் பாத்துத்தான..."

அவர்மேல் குற்றமில்லை. கேள்வியைப் படித்தவர் பதில் சொன்னார். வீடியோவைப் பார்த்தவர் அதைப்போலச் செய்தார். மனிதர்கள் பார்த்துத்தானே படிப்பார்கள்? ஒரு சின்ன விஷயம், விடுங்க. அந்தச் சின்ன விஷயம் டவுணுக்கு நடந்து வந்து என் மருமகனின் நாற்காலிப் பக்கத்தில் ஊசியோடு நிற்கிறது.

"லே, விடுலே" என்றாள் அக்கா. "நான் பிடிச்சிக்கிடுதேன். இன்னையோட தொலையட்டும்."

"இன்னையோட தொலையாதுக்கா. இன்னைக்குப் பிடிச்சா இனி இந்த ஜென்மத்துக்கு அவன் வாயத் தொறக்க மாட்டான்."

நர்ஸ் கையை எடுத்தார். மருமகன் வாயைப் பொத்தியபடியே நாற்காலியிலிருந்து இறங்கினான். கதவு வரை போனவன் திரும்பி வந்து, ஒரு கையை மட்டும் எடுத்து, நாற்காலியை மேலே ஏற்றிவிட்டுப் போனான். டாக்டரம்மா வீக்கம் குறைவதற்கும் வலிக்கும் மருந்து எழுதி, காகிதத்தை என் பக்கம் பார்க்காமல் நீட்டினார்.

வெளியே ரதவீதியில் வெயில் அடித்தது. ஒரு அல்வாக் கடை ஓரத்தில் நின்று அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"செத்த மூதி, பல்லோட திரும்பக் கூட்டிட்டுப் போறேனே, ராத்திரி முழுக்க சுவத்துல இடிப்பான், நீயா வந்து தலையத் தாங்குவ? ஒனக்கு ஒன் பாடம் பெருசு. எனக்கு எம் பிள்ள ஒறங்கணும்."

"அக்கா..."

"பேசாத. படிச்சவன்லா நீ? படிச்சவனுக்குச் சட்டம் பேசத்தான் தெரியும்."

அவள் சொன்னதில் பொய் இல்லை. தெருவில் போகிறவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். மருமகன் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று, கடைக்காரர் அல்வாவை வாழையிலையில் வைத்து மடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் ஆபீசுக்குப் போனதும் வீடியோவைத் திறந்தேன். யாரிடமும் கேட்கவில்லை. பெரிய டாக்டர் குனிகிற இடத்தில் சத்தத்தை மட்டும் எடுத்துவிட்டேன். இப்போது அவர் பாப்பாவின் கன்னத்தைத் தொட்டுக் குனிகிறார், வாய் அசைகிறது, ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, "இது கண்ணாடி" என்கிறார். எனக்கு அது போதுமாக இருந்தது.

அது நிலைக்கவில்லை. சத்தம் விட்டுப்போகிறது என்று டாக்டர்கள் எழுதினார்கள். பெரிய டாக்டர் அண்ணாச்சியைக் கூப்பிட்டார். அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார்.

"மெஷின் கோளாறா, ஒன் கோளாறாலே?"

"என் கோளாறுதான்." டவுணில் நடந்ததைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு முழுக்கக் கேட்டார். அவரும் பிள்ளை பெற்றவர்தான்.

"புரியுதுலே. ஆனா அவரு படத்துல அவரு பேசுனத நாம எப்படி எடுக்க முடியும்?" என்று சொல்லி, அவரே உட்கார்ந்து சத்தத்தைத் திரும்பச் சேர்த்தார். சரி, படத்துக்குக் கீழே 'இப்படிச் சொல்லக் கூடாது' என்று ஒரு வரி போடலாமா என்று கேட்டேன். பெரிய டாக்டர் தப்புச் செய்தார் என்று நாமே எழுதினாற்போல் ஆகிவிடும் என்றார். பாடம் இப்போதும் ஓடுகிறது. இதை நீங்கள் படிக்கிற நேரத்தில் எங்கேயோ ஒரு டாக்டர் புள்ளிக்காக அதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். மாற்றச் சொல்லி நானும் விடாமல் எழுதிக் கேட்கிறேன். பரிசீலிப்பதாகப் பதில் வருகிறது.

டவுண் டாக்டரம்மாவிடமிருந்து போன் வந்தபோது, திட்டத்தான் போகிறார் என்று எடுத்தேன். திட்டவும் செய்தார்.

"என் கிளினிக்ல வச்சு நீங்க அப்படிக் கத்தியிருக்கக் கூடாது சார்."

"ஆமா மேடம்."

"வீக்கம் வடிஞ்சிருந்தா கூட்டிட்டு வாங்க. அந்த வார்த்தைய விட்டா எனக்கு வேற வார்த்தை வாய்ல வர மாட்டேங்குது. தனியா உக்காந்து சொல்லிப் பழகிட்டிருக்கேன்."

அக்காவைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. வந்தாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. முதல் நாள் நாற்காலியை ஏற்றி இறக்கியதோடு சரி. அடுத்த தடவை, "கண்ணாடி வைப்பேன். குளிரும். எடுத்துருவேன்" என்றார் டாக்டரம்மா. வைத்தார், எடுத்தார், நிறுத்தினார். நாக்கு புரண்டு பழைய வரி இரண்டொரு தடவை தொண்டைவரை வந்ததைப் பார்த்தேன், விழுங்கிக்கொண்டார். அக்கா ஒவ்வொரு தடவையும், "இதுக்கா இம்புட்டு தூரம் பஸ்ல வந்தோம்?" என்று என்னிடம் முனகினாள். இரவுகளில் அவள் தூங்கவில்லை என்பது கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

பல்லை எடுத்த அன்று டாக்டரம்மா ஊசியை மறைக்கவில்லை. அவன் கண் எதிரே பிடித்து, "இது ஊசி. குத்தும். வலிக்கும். பெறகு மரத்துப்போகும்" என்றார்.

"வலிக்கும்" என்றான் மருமகன்.

"ஆமா, வலிக்கும்."

குத்தியபோது அலறினான். தெருவே கேட்க அலறினான். கை இரண்டும் நாற்காலியின் கைப்பிடியைப் பிய்த்துவிடுவதுபோலப் பிடித்திருந்தன. வாய்க்குப் போகவில்லை. அக்கா முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்தாள். எழுந்தவள் நின்ற இடத்திலேயே நின்றாள். கடைசிவரை யாரும் அவன்மேல் கைவைக்கவில்லை.

அன்று நானும் அவர்களோடு திசையன்விளை பஸ்ஸில் ஏறினேன். மருமகன் பஞ்சைக் கடித்துக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, "வலிக்கும், பெறகு மரத்துப்போகும்" என்று குழறிக் குழறிச் சொல்லிக்கொண்டு வந்தான். முன் சீட்டில் இருந்த ஒரு அம்மா திரும்பிப் பார்த்தார். நல்ல முகம்.

"என்ன ராசா, பல்லப் புடுங்குனாங்களா? அழக் கூடாது. இனி யாரும் ஒண்ணும் செய்ய மாட்டாங்க."

சட்டென்று இரண்டு கையும் பஞ்சோடு சேர்த்து வாயைப் பொத்தின. நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முன்னால் குனிந்துவிட்டாள்.

"அப்படிச் சொல்லாதீங்கம்மா."

"என்ன சொல்லிட்டேன்? நல்லதத்தான சொன்னேன்?"

"நல்லதோ கெட்டதோ, எம் பிள்ளைட்ட அப்படிச் சொல்லக் கூடாது. அவனுக்கு ஆகாது."

அந்த அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பிவிட்டார். அக்கா மகனின் பக்கம் சாய்ந்தாள். "பஸ்ஸு போவும்" என்றாள். "வீடு வரும். எறங்குவோம்."

நாங்குநேரி தாண்டும்போது அவன் ஒரு கையை எடுத்திருந்தான்.